விண்டோஸைச் செதுக்குவது: எந்த வழி, எவ்வளவு ஆழம்?

எட்டு மாதம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி அது. ஒரு நாள் மாதாந்திர அப்டேட் பாதி வரை ஏறியது, ரீஸ்டார்ட் ஆனது, பிறகு மாற்றங்களை ரத்து செய்துவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. அடுத்த மாதமும் அதேதான் நடந்தது. பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தபோது, தேவையான மூலக் கோப்புகள் இல்லை என்று எழுதியிருந்தது. அவை இல்லாமல் போனதற்குக் காரணம் நான். அந்தக் கணினிக்கு விண்டோஸ் போடும்போது, இது எதற்கு, அது எதற்கு என்று கண்ணில் பட்ட பாகங்களை எல்லாம் இமேஜிலிருந்தே (விண்டோஸ் முழுவதையும் அடக்கிய நிறுவல் கோப்பு) வெட்டி எடுத்திருந்தேன். கிடைத்த லாபம் இரண்டு ஜிபி. கடைசியில் மொத்தத்தையும் துடைத்துவிட்டு மறுபடி விண்டோஸ் போட வேண்டியதாயிற்று.

அதற்காகச் செதுக்குவதையே விட்டுவிடவில்லை. கேட்காத ஆப்களும், ஸ்டார்ட் மெனுவில் விளம்பரமும், பின்னணியில் ஓடும் சேவைகளுமாக வரும் விண்டோஸை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு இன்றும் மனம் வருவதில்லை. ஆனால் வழிகளை எடைபோடும் முறை மாறிவிட்டது. செதுக்கிய பிறகும் அப்டேட் ஏறுமா? நீக்கியது நாளைக்குத் தேவைப்பட்டால் திரும்பக் கொண்டுவர முடியுமா? அடுத்த பதிப்பு வரும்போது இதே வேலையை அதிகச் சிரமமில்லாமல் திரும்பச் செய்ய முடியுமா? இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்கிறேன்.

எந்த அடுக்கில் கை வைக்கிறோம்

வழிகளை ஒப்பிடும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நீக்குதல் என்ற ஒரே சொல்லால் நாம் சொல்வது உண்மையில் மூன்று வேறு வேலைகள்.

மேலே இருப்பவை ஸ்டோர் வகை ஆப்கள். வானிலை, சாலிட்டேர், கிளிப்சாம்ப், எக்ஸ்பாக்ஸ் போன்றவை இதில் சேரும். இவற்றுக்கு இரண்டு பதிவுகள் உண்டு. ஒன்று, இப்போது உள்நுழைந்திருக்கும் பயனருக்கானது. இன்னொன்று, இனி உருவாகும் ஒவ்வொரு பயனருக்கும் இதைக் கொடு என்று விண்டோஸ் வைத்திருக்கும் முன்பதிவு. செட்டிங்ஸில் போய் அன்இன்ஸ்டால் கொடுத்தால் முதல் பதிவு மட்டுமே போகும். புதுப் பயனர் கணக்கு திறந்ததும் எல்லாம் மறுபடி வந்து நிற்பது இதனால்தான்.

அதற்குக் கீழே விருப்ப வசதிகள். பழைய மீடியா பிளேயர், பவர்ஷெல் ஐஎஸ்இ (கட்டளை ஸ்கிரிப்ட் எழுதும் கருவி), ஃபேக்ஸ் மற்றும் ஸ்கேன், முகம் பார்த்துத் திறக்கும் ஹலோ வசதி, பழைய ஸ்கிரிப்ட் மொழியான விபிஸ்கிரிப்ட் ஆகியவை இந்த வகை. இவற்றை நீக்க மைக்ரோசாஃப்டே கதவு வைத்திருக்கிறது. நீக்கினால் பெரும்பாலானவற்றை விண்டோஸ் அப்டேட் வழியாகத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.

அடியில் இருப்பது வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கிடங்கு. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸின் பாகங்கள் எல்லாம் இங்கிருந்துதான் பராமரிக்கப்படுகின்றன. மாதாந்திர அப்டேட் வரும்போது, இந்தக் கிடங்கில் இருக்கும் பாகத்தோடு ஒப்பிட்டுத்தான் புதிய பாகம் கட்டப்படுகிறது. எனக்கு நேர்ந்தது இந்த அடுக்கில். எக்ஸ்ப்ளோரரில் இந்தக் கோப்புறையின் அளவைப் பார்த்துப் பலர் பதறிப்போய் இதில் கை வைக்கிறார்கள். ஆனால் அது காட்டும் எண் உண்மையான அளவைவிட அதிகம். சிஸ்டம்32-இல் இருக்கும் அதே கோப்புகள்தான் ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) மூலம் இங்கேயும் தெரிகின்றன. எக்ஸ்ப்ளோரர் அவற்றை இரண்டு முறை எண்ணிவிடுகிறது. உண்மையான அளவை டிஸ்ம் என்ற கருவியிடம் கேட்டால் சொல்லும்.

மேல் இரண்டு அடுக்குகளில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம், மூன்றாவதைத் தொடக் கூடாது என்பது என் கருத்து. கீழே வரும் வழிகளையும் எது எந்த அடுக்கு வரை போகிறது என்று பார்த்தே மதிப்பிடுகிறேன்.

போட்ட பிறகு நீக்குவது

இருப்பதில் எளியது இது. விண்டோஸை அப்படியே போட்டுவிட்டு, பவர்ஷெல்லில் இரண்டு வகைக் கட்டளைகளால் பயனர் பதிவையும் முன்பதிவையும் சேர்த்து நீக்குவது. இதற்கென்று பொதுவெளியில் நிறைய டீப்ளோட் (வேண்டாததைக் களையும்) ஸ்கிரிப்ட்கள் கிடைக்கின்றன.

ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் முன்பதிவை முறையாக நீக்கினால், இது வேண்டாம் என்று சொல்லப்பட்டது என்று, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறிப்பு விழும். அடுத்த பெரிய பதிப்புக்கு மாறும்போது விண்டோஸ் அந்தக் குறிப்பைப் பார்த்து அந்த ஆப்பைத் திரும்பக் கொண்டுவராது. கோப்புறையை நேரடியாக அழித்தவர்களுக்கு இந்தப் பயன் கிடைக்காது.

ஸ்கிரிப்ட்களில் எனக்கு இருக்கும் கவலை, அவை ஆப்களோடு நிற்பதில்லை என்பது. பல ஸ்கிரிப்ட்கள் சேவைகளை முடக்குகின்றன, ரெஜிஸ்ட்ரியில் பல இடங்களை மாற்றுகின்றன, சில நேரம் அப்டேட்டையே நிறுத்திவிடுகின்றன. இணையத்திலிருந்து நேரடியாக இழுத்து ஓட்டும் ஒற்றை வரிக் கட்டளை வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று நீங்கள் படித்த ஸ்கிரிப்டும் இன்று ஓடும் ஸ்கிரிப்டும் ஒன்றுதானா என்று தெரியாது. இறக்கி வைத்து, வரி வரியாகப் படித்து, புரியாததை நீக்கிவிட்டு ஓட்டுங்கள்.

ஒரே ஒரு கணினி, ஏற்கெனவே விண்டோஸ் போட்டாகிவிட்டது என்றால் இந்த வழி போதும். வேறெதுவும் தேடவேண்டாம்.

ஆன்சர் ஃபைல்

நான் இப்போது அதிகம் பயன்படுத்துவது இதைத்தான். விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பெண்டிரைவின் முதல் மட்டத்தில் ஆட்டோஅன்அட்டெண்ட் என்ற பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பை வைத்தால், செட்டப் அதைப் படித்து, கேள்விகளுக்கு எல்லாம் அதிலிருந்தே பதில் எடுத்துக்கொள்ளும். அதனுள் எந்த ஆப்களின் முன்பதிவை நீக்க வேண்டும், எந்த விருப்ப வசதிகள் வேண்டாம் என்று ஒரு சிறிய ஸ்கிரிப்டையும் சேர்த்துவிடலாம். பயனர் கணக்கு உருவாகும் முன்பே இது ஓடிவிடுவதால், முதல் முறை திரை திறக்கும்போதே சுத்தமாக இருக்கும்.

இதன் பெரிய பலம், ஐஎஸ்ஓவை (மைக்ரோசாஃப்ட் தரும் நிறுவல் வட்டின் கோப்பு வடிவம்) நாம் தொடவே இல்லை என்பது. மைக்ரோசாஃப்ட் கொடுத்த கோப்பு, அது மாறவில்லை என்று காட்டும் அதே ஹேஷ் மதிப்போடு, அப்படியே இருக்கிறது. புதிய பதிப்பு வந்தால் புதிய ஐஎஸ்ஓவை இறக்கி, பழைய எக்ஸ்எம்எல்லை அதன் பக்கத்தில் போட்டால் வேலை முடிந்தது. ஏதாவது ஒரு ஆப்பின் பெயர் மாறியிருந்தால் ஒரு வரி திருத்த வேண்டியிருக்கும். கோப்பு வெறும் எழுத்து என்பதால் ஆறு மாதம் கழித்தும் என்ன செய்தோம் என்று திறந்து படிக்கலாம். செதுக்கிய இமேஜை அப்படித் திறந்து படிக்க முடியாது.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, வட்டைப் பிரிக்கும் பகுதி. அதை நிரப்பிவிட்டால் செட்டப் எதுவும் கேட்காமல் வட்டைத் துடைத்துவிடும். அந்தப் பெண்டிரைவை வேறொரு கணினியில் செருகி, அதிலிருந்து பூட் ஆகிவிட்டால் அங்கே இருக்கும் தரவு எல்லாம் போய்விடும். அதனால் வட்டுப் பகுதியை நான் எப்போதும் காலியாகவே விடுகிறேன். செட்டப் கேட்கட்டும், நான் கையால் தேர்ந்தெடுக்கிறேன். இரண்டாவது, கடவுச்சொல். அந்தக் கோப்பில் எழுதும் கடவுச்சொல்லை யாரும் எளிதாகப் படித்துவிடலாம்.

இந்த முறையில் இன்ஸ்டால் கோப்பின் அளவு ஒரு பைட்கூடக் குறையாது. வட்டில் இறங்கியபின் நீக்கப்படுவதுதான். பெண்டிரைவில் இடமில்லை என்பது உங்கள் பிரச்சினை என்றால் இது உதவாது.

டிஸ்ம் கொண்டு இமேஜைத் திருத்துவது

அடுத்த படி, ஐஎஸ்ஓவுக்குள் விண்டோஸ் இமேஜாக இருக்கும் இன்ஸ்டால்.விம் கோப்பையே ஒரு காலிக் கோப்புறையில் மவுண்ட் செய்து (விரித்து வைத்து), உள்ளே வேண்டாததை நீக்கி, சேமித்து, மறுபடி ஐஎஸ்ஓவாகக் கட்டுவது. இதற்கான டிஸ்ம் விண்டோஸிலேயே இருக்கிறது. நீங்கள் திருத்தும் இமேஜைவிடப் பழைய டிஸ்மைப் பயன்படுத்தாதீர்கள், அவ்வளவுதான் முன்நிபந்தனை. இறக்கிய ஐஎஸ்ஓவில் விம் இல்லாமல் இன்னும் சுருக்கப்பட்ட இஎஸ்டி கோப்பு இருந்தால் முதலில் அதை விம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதில் பலரும் முதலில் செய்வது வேண்டாத எடிஷன்களைத் தூக்குவது. ஹோம், ப்ரோ, எஜுகேஷன் என்று ஒரே கோப்பில் பல இருக்கின்றன, ஒன்றை மட்டும் வைத்தால் கோப்பு பாதியாகிவிடும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆகாது. விம் வடிவத்தில் ஒரே கோப்பு பல எடிஷன்களில் இருந்தாலும் ஒரு முறைதான் சேமிக்கப்படும். எடிஷன்களுக்கு இடையே வேறுபடும் கொஞ்சம் கோப்புகளின் அளவு மட்டும்தான் குறையும். ஆனாலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதில் வேறொரு நன்மை இருக்கிறது. ஆப்களை நீக்கும் வேலையை ஒவ்வொரு எடிஷனுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியதில்லை.

இதன் நல்ல பக்கம், டிஸ்ம் தரும் கதவுகள் வழியாகவே போனால் மூன்றாம் அடுக்கைத் தவறுதலாக உடைக்க வழி குறைவு. ஆப் முன்பதிவு, விருப்ப வசதி, மொழிப் பொதிகள், டிரைவர் சேர்த்தல், அப்டேட்டை முன்கூட்டியே இமேஜில் ஏற்றுதல் எல்லாம் இதில் செய்யலாம். ஒரே மாதிரிக் கணினிகள் இருபது இருந்தால், ஒவ்வொன்றிலும் தனியாக அப்டேட் இறக்கும் நேரம் மிச்சமாவதே பெரிய விஷயம். கிடங்கைச் சுத்தப்படுத்தும் கட்டளையும் உண்டு. அதில் ரீசெட்பேஸ் என்ற தேர்வைச் சேர்த்தால் பழைய பாகங்கள் முழுமையாக நீங்கும், ஆனால் அதுவரை ஏறிய அப்டேட்களை அன்இன்ஸ்டால் செய்ய முடியாமல் போகும். புதிய இமேஜில் அதனால் பாதகமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் யோசித்துச் செய்யுங்கள்.

கெட்ட பக்கம், மாதா மாதம் பழசாகும் ஒரு பொருளை நீங்கள் தயாரிக்கிறீர்கள். ஆறு மாதம் கழித்து அந்த இமேஜைப் போட்டால் ஆறு மாத அப்டேட் பின்தங்கியிருக்கும். மறுபடி கட்ட வேண்டும். செய்த படிகளை ஸ்கிரிப்டாக எழுதி வைத்திருந்தால் தேவலை. நினைவிலிருந்து செய்தால் ஒவ்வொரு முறையும் ஒரு புது இமேஜ்தான் வரும்.

என்டிலைட்

எக்ஸ்பி காலத்தில் என்லைட், விஸ்டா காலத்தில் விலைட் என்று இரண்டு கருவிகள் இருந்தன. அவற்றை எழுதியவரின் அடுத்த கருவிதான் என்டிலைட். டிஸ்ம் செய்வதை எல்லாம் ஜன்னலில் டிக் போட்டுச் செய்யலாம், அதற்கும் மேலே போய் மூன்றாம் அடுக்கின் பாகங்களையும் நீக்கலாம். இலவசப் பதிப்பில் சில பாகங்களும் வசதிகளும் பூட்டியிருக்கும். முழுதாக வேண்டுமென்றால் கட்டணம் செலுத்த வேண்டும்.

டிஸ்மில் இல்லாத ஒரு நல்ல வசதி இதில் இருக்கிறது. எனக்குப் பிரிண்டிங் வேண்டும், வைஃபை வேண்டும், அப்டேட் வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவிட்டால், அவற்றுக்குத் தேவையான பாகங்களை நீக்க முடியாதபடி அது பூட்டிவிடும். செய்த தேர்வுகளை ஒரு எக்ஸ்எம்எல் ப்ரீசெட்டாகச் சேமித்து அடுத்த ஐஎஸ்ஓவிலும் ஓட்டலாம்.

அப்படியானால் எல்லோரும் இதையே பயன்படுத்தலாமே? டிக் போடுவது மிகவும் எளிதாக இருக்கிறது என்பதே எனக்குத் தயக்கம். நூற்றுக்கணக்கான பாகங்கள் வரிசையாக இருக்கும்போது, பெயரைப் பார்த்து இது எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்யத் தோன்றும். ஆனால் பெயர் எதையும் சொல்லாது. விபிஸ்கிரிப்ட் யாருக்கு வேண்டும் என்று எடுத்தால், சில பழைய மென்பொருள்களின் இன்ஸ்டாலர் நடுவில் நின்றுவிடும். ஆப்களுக்குள் வலைப்பக்கம் காட்ட உதவும் வெப்வியூ2-ஐ எட்ஜின் வால் என்று நினைத்து எடுத்தால், புதிய அவுட்லுக்கும் டீம்ஸும் விட்ஜெட்களும் திறக்காது. எழுத்துருக்களைக் குறைக்கிறேன் என்று நிர்மலா யுஐயைத் தூக்கினால், தமிழ் உட்பட இந்திய மொழி எழுத்துகள் பல இடங்களில் கட்டங்களாகிவிடும்.

மைக்ரோசாஃப்டே செய்த வெட்டுக்கும் இதே நிலைதான். ஐரோப்பிய ஆணையம் 2004-இல் கொடுத்த உத்தரவுக்குப் பிறகு, மீடியா பிளேயர் இல்லாத ‘என்’ (N) எடிஷன்கள் வந்தன. ஒரு பிளேயர் மட்டும் இல்லையே என்று தோன்றும். ஆனால் அதோடு போன மீடியா நூலகங்களை நம்பியிருந்த கேம்களும் வீடியோ மென்பொருள்களும் தடுமாறின. அவற்றைத் திரும்பக் கொடுக்க மீடியா ஃபீச்சர் பேக் என்று தனிப் பொதி தர வேண்டியிருந்தது. விண்டோஸை எழுதியவர்கள் வெட்டினாலே இப்படி என்றால், வெளியிலிருந்து வெட்டும் நாம் இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

என்டிலைட்டை வாங்கினால், முதல் இரண்டு அடுக்குகளுக்கும் டிரைவர் சேர்ப்பதற்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பல கணினிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு அது கொடுத்த காசுக்கு மதிப்புள்ளது.

டைனி11

விண்டோஸ் 11-இன் செதுக்கிய வடிவமான டைனி11, 2023 பிப்ரவரியில் வந்தபோது, குறைந்தபட்சம் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி வட்டும் கேட்கும் விண்டோஸ் 11, 2 ஜிபி ரேமிலும் ஓடுகிறது என்று எல்லோரும் வியந்தார்கள். இன்று அதை ஐஎஸ்ஓவாக இறக்க வேண்டியதில்லை. நீங்களே இறக்கிய ஐஎஸ்ஓவை எடுத்துச் செதுக்கித் தரும் பவர்ஷெல் ஸ்கிரிப்டாகவே கிடைக்கிறது. உள்ளே ஓடுவது டிஸ்ம்தான். ஸ்கிரிப்டைத் திறந்து படிக்கலாம், வேண்டிய ஆப்பின் வரியை எடுத்துவிடலாம். டிஸ்மைப் புதிதாகக் கற்பவர்களுக்கு அதைப் படிப்பதே ஒரு நல்ல பாடம்.

அதன் தம்பியான டைனி11 கோர் வேறு. அது வின்எஸ்எக்ஸ்எஸ் கிடங்கையே குறைத்துவிடுகிறது. மீட்புச் சூழல் இருக்காது, அப்டேட் ஏறாது, பிறகு மொழியோ வசதியோ சேர்க்க முடியாது. இதை டைனி11-ஐ எழுதியவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார், சோதனைக்கு மட்டும் என்று. வர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஒரு மென்பொருளைச் சோதித்துவிட்டுத் தூக்கிப் போட அருமையானது. தினசரிக் கணினிக்கு வேண்டவே வேண்டாம்.

யாரோ செதுக்கிய ஐஎஸ்ஓ

இதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே என்ன நீக்கியிருக்கிறார்கள் என்று பட்டியல் கொடுப்பார்கள். என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்க உங்களிடம் வழியில்லை. அதில் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டப்போகிறீர்கள். செதுக்கும் ஸ்கிரிப்டை வெளியிடும் திட்டங்களை நம்பலாம், முடிந்த ஐஎஸ்ஓவை மட்டும் கொடுப்பவற்றை நான் தொடுவதில்லை.

எல்டிஎஸ்சி: செதுக்காமலே மெலிந்தது

பலர் மறந்துவிடும் வழி இது. நிறுவனங்களுக்கான நீண்ட கால ஆதரவு வகையான எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி எடிஷனில் ஸ்டோர் இல்லை, ஸ்டோர் ஆப்கள் பெரும்பாலும் இல்லை, ஆண்டுதோறும் வரும் வசதி மாற்றங்கள் இல்லை. பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். நாம் செதுக்கி அடைய நினைக்கும் நிலையில் ஏறக்குறைய முக்கால்வாசி இதுவே, அதுவும் கிடங்கு முழுதாக இருக்கும்போதே. 24எச்2 என்ற பதிப்பை அடிப்படையாகக் கொண்ட விண்டோஸ் 11 எல்டிஎஸ்சி 2024-க்கு 2029 அக்டோபர் வரை ஆதரவு உண்டு. தனிப்பயன் சாதனங்களுக்கான அதன் ஐஓடி வகைக்கு 2034 அக்டோபர் வரை. சாதாரண விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டாலும், விண்டோஸ் 10 ஐஓடி எல்டிஎஸ்சி 2021-க்கு 2032 ஜனவரி வரை இருக்கிறது.

தடை, உரிமம். இது சில்லறையில் விற்கப்படுவதில்லை. நிறுவனங்களுக்கான மொத்த உரிமத்திலும், ஐஓடி வகை சாதனத் தயாரிப்பாளர்கள் வழியாகவும்தான் வருகிறது. 90 நாள் சோதனைப் பதிப்பு உண்டு. உங்கள் நிறுவனத்தில் அந்த உரிமம் இருந்து, ஒரே வேலையைச் செய்யும் கணினிகளை அமைக்கப் போகிறீர்கள் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் இதை எடுங்கள். வீட்டுக் கணினிக்கு இதைத் தேடி அலைந்து சந்தேகமான ஆக்டிவேஷன் கருவியில் போய் முடிவதைவிட, சாதாரண ப்ரோவும் ஒரு ஆன்சர் ஃபைலும் எவ்வளவோ மேல்.

எதற்காகச் செதுக்குகிறீர்கள்

வட்டில் இடம் வேண்டும் என்பது காரணமானால், ஆப்களைத் தொடும் முன் ஹைபர்னேஷனை (ரேமில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு அணைக்கும் வசதி) பாருங்கள். அதற்கான கோப்பு, ரேமின் அளவில் 40 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் ஆறு ஜிபிக்கு மேல். எப்போதும் மின்சாரத்தில் செருகியிருக்கும் மேசைக் கணினிக்கு அதனால் பயனில்லை, ஒரு கட்டளையில் நிறுத்திவிடலாம். விரைவுத் தொடக்கமும் அதோடு போகும், எஸ்எஸ்டியில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அப்புறம் காம்பாக்ட் ஓஎஸ் இருக்கிறது. கணினிக் கோப்புகளைச் சுருக்கி வைத்து, 64 பிட் விண்டோஸில் இரண்டு ஜிபிக்கு மேல் மீட்டுத் தரும். எதையும் நீக்காது, வேண்டாமென்றால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். நான் கிடங்கை வெட்டி மிச்சப்படுத்திய இரண்டு ஜிபி இந்த ஒரு கட்டளையில் கிடைத்திருக்கும்.

வேகம் வேண்டும் என்பது காரணமானால், திறக்காத சாலிட்டேர் உங்கள் ரேமில் உட்காருவதில்லை. ஸ்டார்ட்அப் பட்டியலையும் பின்னணியில் ஓடுபவற்றையும் முதலில் பாருங்கள். கண்ணுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும், கேட்காததை யாரும் திணிக்கக் கூடாது என்பது காரணமானால், அது முழுக்க நியாயமான காரணம். எனக்கும் அதுதான். அதற்கு முதல் அடுக்கைத் துடைத்தாலே போதும்.

எதைச் செய்தாலும் நான் விட்டுவைப்பவை சில: ஸ்டோர், ஆப் இன்ஸ்டாலர், விசி லைப்ரரிகளும் யுஐ ஜாமலும், வெப்வியூ2, டிஃபெண்டர், மீட்புச் சூழல். ஸ்டோரை நீக்குவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை, போனபின் திரும்ப வரவழைப்பது பெரும்பாடு. ஆப் இன்ஸ்டாலர் போனால், கட்டளையால் மென்பொருள் நிறுவ உதவும் விங்கெட் போய்விடும். விசி லைப்ரரிகளையும் யுஐ ஜாமலையும் நேரடியாக யாரும் திறப்பதில்லை, ஆனால் பிற ஆப்கள் அவற்றின்மேல்தான் நிற்கின்றன.

செதுக்கிய இமேஜையோ ஆன்சர் ஃபைலையோ உண்மையான கணினிக்குக் கொண்டுபோகும் முன், வர்ச்சுவல் மெஷினில் ஒரு முறை போட்டு, அந்த மாதத்து அப்டேட் முழுதாக ஏறுகிறதா, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். புதிதாக ஒரு பயனர் கணக்கு திறந்து, நீக்கியவை அங்கே தலைகாட்டுகின்றனவா என்றும் பாருங்கள். பிரிண்டர் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். இதற்கெல்லாம் ஒரு மாலை போதும்.